யாரும் வாசிக்காதபோதும் ஒலிக்கும் சிந்த்: அனலாக் இரைச்சல் எங்கே நுழைகிறது, எப்படிக் கையாள்வது

ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106 சின்தசைசரில், எந்தக் கீயையும் தொடாமல், ஒலியை அகலமாக்கும் கோரஸ் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். ஹெட்ஃபோனில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் எழும். கோரஸை அணைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். பழைய ஜூனோவை முதன்முதலாகக் கையில் வாங்குகிற பலர் இதைக் கேட்டுவிட்டு, கருவி பழுதாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். பழுது எதுவும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலேயே அது இப்படித்தான் ஒலித்தது.

அந்தச் சத்தம் ஏன் கோரஸோடு மட்டும் வருகிறது என்று யோசித்தால், அனலாக் இரைச்சலைக் கையாளும் வழி முழுவதும் பிடிபட்டுவிடும். ஜூனோவில் 6 குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் 6 ஸ்வரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்கும் அலையை உண்டாக்க ஒரு ஆசிலேட்டர், அதைச் செதுக்க ஒரு ஃபில்டர், கடைசியில் ஒலியளவைக் கட்டுப்படுத்த ஒரு வி.சி.ஏ. கீயிலிருந்து விரலை எடுத்ததும் வி.சி.ஏ. மூடிக்கொள்கிறது. ஆசிலேட்டரும் ஃபில்டரும் எழுப்பும் இரைச்சல் அந்தக் கதவுக்கு உள்ளேயே அடைபட்டுவிடும். கோரஸோ கதவுக்கு வெளியே இருக்கிறது. அது உண்டாக்கும் இரைச்சலை மூடுவதற்கு அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. எந்த இரைச்சலைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது, அது சிக்னலின் பாதையில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதுதான். எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. பதிவு முடிந்த பிறகு எந்தப் பிளக்இன் போட்டுத் துடைக்கலாம் என்பது கடைசிக் கேள்வி. பலர் அந்தக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஜூனோவின் கோரஸுக்குள் இருப்பவை பி.பி.டி. என்னும் வகையைச் சேர்ந்த இரண்டு சிப்புகள். 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் உருவாக்கிய யோசனை அது. தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றிவிடுவது போல, சிக்னலின் மின்னழுத்தம் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகிறது. ஜூனோவில் உள்ள எம்.என்.3009 சிப்பில் இப்படி 256 படிகள். எவ்வளவு வேகமாகக் கைமாற்ற வேண்டும் என்பதை ஒரு கிளாக் முடிவு செய்கிறது. கிளாக் 1 லட்சம் ஹெர்ட்ஸில் ஓடினால் தாமதம் 1.28 மில்லிசெகண்ட். அந்தத் தாமதத்தை எல்.எஃப்.ஓ. என்னும் மெதுவாக அசையும் ஆசிலேட்டர் கூட்டிக் குறைக்க, இடது வலது இரண்டு பக்கமும் எதிரெதிராக அசைந்து, ஒற்றை ஆசிலேட்டர் கருவி திடீரென்று அகன்று விரிகிறது. ஜூனோ பேட் (நீண்டு நிற்கும் மென்மையான ஒலி) என்றதும் நம் காதில் விழுவது அதுதான்.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மின்னூட்டம் சிந்துகிறது, கொஞ்சம் இரைச்சல் சேர்கிறது. 256 படிகள் தாண்டி வெளியே வரும்போது அந்தச் சேர்க்கை காதுக்கு எட்டிவிடுகிறது. இதே வகை சிப்பை வைத்துச் செய்த எக்கோ பெடல்கள் பலவற்றில் கம்பாண்டர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சிக்னலை நுழையும்போது அமுக்கி, வெளிவரும்போது விரித்து, நடுவில் சேர்ந்த இரைச்சலைக் கீழே தள்ளிவிடும். ஜூனோ கோரஸில் அது இல்லை. அதனால்தான் அந்த உஸ்ஸ். அதனால்தான் அந்தத் திறந்த, அமுக்கப்படாத ஒலியும் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு பயனுள்ள நுணுக்கம் இருக்கிறது. ஜூனோ-106-இன் முகப்பில் ஒலியளவைத் தொடும் ஸ்லைடர்கள் இரண்டு: ஒன்று வி.சி.ஏ. லெவல், மற்றொன்று வால்யூம். பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும். ஆனால் வி.சி.ஏ. லெவல் கோரஸுக்கு முன்னால் இருக்கிறது, வால்யூம் பின்னால் இருக்கிறது. வால்யூமை ஏற்றினால் இசையும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். வி.சி.ஏ. லெவலை ஏற்றினால் இசை மட்டும் ஏறும், கோரஸின் உஸ்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் பேட்சில் (சேமித்த ஒலி அமைப்பில்) வி.சி.ஏ. லெவல் பாதியில் கிடந்து, அதை ஈடுகட்ட வால்யூமைத் தூக்கி வைத்திருந்தால், கையில் இருந்த பல டெசிபல்களை வீணடிக்கிறீர்கள். முதலில் வி.சி.ஏ. லெவலை ஏற்றுங்கள். 6 கீகளைச் சேர்த்து அழுத்தும்போது கோரஸ் நெரிபடத் தொடங்கினால் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், பிறகு போடும் பல பிளக்இன்களைத் தேவையற்றதாக்கிவிடும்.

அனலாக் சுற்று எதுவாக இருந்தாலும் முழு அமைதி கிடையாது. மின்தடையில் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இருக்காமல் அலைவதே ஒரு சிறு மின்னழுத்தம். பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. அந்தக் கணக்கின்படி, அறை வெப்பத்தில் 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்று காது கேட்கும் வீச்சு முழுவதிலும் சுமார் 6 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். இதை 3 டெசிபல் குறைக்க வேண்டுமென்றால் கெல்வின் கணக்கில் வெப்பநிலையைப் பாதியாக்க வேண்டும், அதாவது கருவியை மைனஸ் 120 டிகிரி செல்சியஸுக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். இயற்கை போட்ட தரை அது. அதற்குக் கீழே போக வழியில்லை.

ஆனால் பழைய சிந்த்கள் இந்தத் தரையிலிருந்து வெகு உயரத்தில்தான் நிற்கின்றன. அக்காலத்து ஃபில்டர்களிலும் வி.சி.ஏ.க்களிலும் பரவலாக இருந்தவை ஓ.டி.ஏ. என்னும் பெருக்கி வகை சிப்புகள். சி.ஏ.3080 அவற்றில் பிரபலமானது. அதன் உள்ளீட்டில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் அலைவடிவம் நசுங்கிவிடும். அதனால் வோல்ட் கணக்கில் வரும் சிக்னலை முதலில் வெட்டிச் சிறிதாக்கி உள்ளே அனுப்பி, வெளியே வந்ததும் மறுபடி பெருக்குகிறார்கள். சிக்னலை வெட்டலாம், சிப்பின் சொந்த இரைச்சலை வெட்ட முடியாது. பெருக்கும்போது அதுவும் சேர்ந்து பெருகுகிறது. இப்படிப்பட்ட 6 குரல்கள் ஒன்றாக ஒலித்தால், ஒரு குரலைவிட இரைச்சல் ஏறக்குறைய 8 டெசிபல் கூடும்.

இதே இரைச்சலை வேண்டும் என்று தேடிப்போன கதையும் உண்டு. 1970-இல் வந்த மினிமூக் சின்தசைசரில், ஒரு டிரான்சிஸ்டரின் சந்தியில் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்து, அதில் எழும் குமுறலைப் பெருக்கி, காற்றும் அலையும் செய்யக் கொடுத்தார்கள். 1980-இல் வந்த டி.ஆர்.-808 டிரம் மெஷினுக்காக, ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி, மற்றவர்கள் கழித்துப்போட்ட குறையுள்ள டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி வாங்கினார் என்பது இத்துறையில் பிரபலமான செய்தி. செமிகண்டக்டர் தயாரிப்பு மேம்பட்டு அந்தக் குறையுள்ள பாகங்கள் கிடைக்காமல் போனது அந்தக் கருவியின் தயாரிப்பு நின்றதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்தக் காலத்து ஆல்பங்களில் இந்த உஸ்ஸ் ஏன் நம்மை உறுத்துவதில்லை? அவற்றைப் பதிவு செய்த டேப்பே உஸ்ஸென்று இரைந்ததால். ரே டால்பி 1965-இல் லண்டனில் நிறுவனம் தொடங்கி முதலில் விற்றதே டேப் இரைச்சலைக் குறைக்கும் பெட்டியைத்தான். டேப்பின் இரைச்சலுக்கு அடியில் சிந்தின் இரைச்சல் ஒளிந்துகொண்டது. இன்று நம் மேசையில் இருக்கும் 24 பிட் ஆடியோ இன்டர்ஃபேஸ் 110 டெசிபலுக்கும் மேற்பட்ட வீச்சைப் பிடிக்கிறது. ஒளிவதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு, மாஸ்டரில் லிமிட்டர் போட்டு எல்லாவற்றையும் மேலே தள்ளுகிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பதிவின் உச்ச அளவை 0 என்று கொண்டால், ஒரு சிந்த் டிராக்கின் இரைச்சல் மைனஸ் 75 டெசிபலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல்கள் கூடும்போது, டிராக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் ஏறும். 8 டிராக் சேர்த்தால் 9 டெசிபல், ஆக மைனஸ் 66. லிமிட்டர் 8 டெசிபல் தூக்கினால் மைனஸ் 58. இப்போது பாட்டின் இடைவெளியில் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு டிராக்கும் சோலோவில் சுத்தமாக இருந்தும் மிக்ஸ் முழுவதும் மூடுபனி படர்ந்தது போல் இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் இந்தக் கூட்டலைக் கவனிக்க வேண்டும்.

உஸ்ஸ் கருவியின் சொந்தச் சொத்து. வெளியிலிருந்து திருட்டுத்தனமாக நுழைபவை வேறு. அவற்றைக் காதாலேயே பிரித்துவிடலாம்.

'ம்ம்ம்' என்ற ஹம் நம் ஊர் மின்சாரத்திலிருந்து வருகிறது. அதன் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் கீபோர்டில் அடியில் இருக்கும் ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே விழும். பேஸ் வாசிக்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லா ஆடியோ கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஹெட்ஃபோனை நேராகச் சிந்தில் குத்திக் கேளுங்கள். ஹம் போய்விட்டால் காரணம் இணைப்புகளில், அதாவது கிரவுண்ட் லூப். சிந்தும் லேப்டாப்பும் ஸ்பீக்கரும் மின் இணைப்பு வழியாக ஒரு தடவையும் கேபிளின் ஷீல்டு வழியாக இன்னொரு தடவையும் இணைந்து ஒரு வளையம் உண்டாகிவிட்டது, அதில் ஓடும் மின்னோட்டம் சிக்னலோடு கலக்கிறது. நேராகக் கேட்டாலும் ஹம் இருக்கிறதா? அது 100 ஹெர்ட்ஸில் கரகரப்போடு இருந்தால் பெரும்பாலும் கருவியின் பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கிகள் வயதாகிவிட்டன என்று பொருள். ஜப்பானிலிருந்து தருவிக்கும் கருவிகள் 100 வோல்ட்டில் இயங்குபவை, 230 வோல்ட்டை இறக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை ஆடியோ கேபிள் மேல் படும்படி வைத்துவிட்டு ஹம்மைத் தேடுகிறவர்கள் நிறைய. ஓரடி இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, 'கீ...' என்ற மெல்லிய கீச்சு. மவுஸை நகர்த்தினால், ஸ்கிரீனில் எதையாவது இழுத்தால் அதன் தன்மை மாறும். இது லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் வழியாக வருவது. யு.எஸ்.பி. தகவலை 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதிவேக வகையில் அதன் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு முறை, கட்டு கட்டாக அனுப்புகிறது. அந்தத் தாளம் 1,000 ஹெர்ட்ஸிலும் 8,000 ஹெர்ட்ஸிலும் கீச்சாகக் கேட்கும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் கீச்சு நின்றுவிட்டது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுவும் கிரவுண்ட் லூப்தான்.

இங்கே 1983-இல் மிடி தரத்தை வகுத்தவர்களின் கவனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து பின் மிடி கேபிளில் வரும் தகவல் உள்ளே நுழைந்ததும் ஒரு ஆப்டோகப்ளரில் ஒளியாக மாறித் தாண்டுகிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பே இல்லை. ஷீல்டையும் அனுப்பும் பக்கத்தில் மட்டுமே கிரவுண்டோடு இணைக்கச் சொன்னார்கள். கிரவுண்ட் லூப் வராமல் இருப்பதற்காகவே செய்த ஏற்பாடு. யு.எஸ்.பி. மிடி வந்தபோது வசதி கூடியது, இந்தக் காப்பு போய்விட்டது. ஆகவே உங்கள் சிந்தில் இரண்டும் இருந்தால், யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய ஐந்து பின் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கீச்சு அந்த நொடியே நிற்பதைக் கேட்பீர்கள்.

யு.எஸ்.பி. மட்டுமே உள்ள கருவியென்றால் மின் தொடர்பைத் துண்டிக்கும் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்று வாங்கலாம், அல்லது ஆடியோ பாதையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் போடலாம். மலிவான டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆழமான பேஸைத் தாங்காமல் நசுக்கும், சிந்த் பேஸுக்கு நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். சாலிடரிங் தெரிந்தவர்களுக்குச் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பழைய சிந்த்களின் அவுட்புட் அன்பேலன்ஸ்டு (சிக்னலுக்கு ஒரே கம்பி), இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டோ பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு கம்பி). உள்ளே இரண்டு கம்பியுள்ள ஷீல்டு கேபிளை எடுத்து, சிந்த் பக்கம் இரண்டாவது கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து ஸ்லீவில் இணையுங்கள். இன்டர்ஃபேஸ் பக்கம் அந்தக் கம்பியை மட்டும் ரிங்கில் இணைத்து, ஷீல்டை எதிலும் படாமல் விட்டுவிடுங்கள். கிரவுண்ட் மின்னோட்டம் ஓட ஷீல்டு வழியே பாதை இல்லாமல் போகும், இன்புட் இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்கும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிப்பதும், எர்த் இல்லாத அடாப்டரில் செருகுவதும் மேடைகளிலும் வீட்டு ஸ்டூடியோக்களிலும் சாதாரணமாக நடக்கிறது. ஹம் நிற்கும். ஆனால் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் உங்கள் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே சுவர் பாயின்டிலிருந்து, சரியான எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எடுத்தாலே பல வீடுகளில் பாதி ஹம் அடங்கிவிடுகிறது. அந்தச் சுவர் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்வது இன்னும் நல்லது.

லெவல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டூடியோ கருவிகளின் பிளஸ் 4 டி.பி.யு. அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் மைனஸ் 10 டி.பி.வி. அளவு சுமார் 0.32 வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல். சிந்த் மெலிதாக அனுப்புவதை இன்டர்ஃபேஸில் கெயின் ஏற்றி ஈடுகட்டினால், வழியில் சேர்ந்த ஹம்மும் கூடவே அந்த அளவு ஏறும். ஜூனோவின் பின்புறம் அவுட்புட் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. கிடார் ஆம்ப்புக்காக யாரோ எப்போதோ எல் என்ற இடத்தில் தள்ளிவைத்தது அப்படியே கிடக்கலாம். எச்-க்கு மாற்றுங்கள். வால்யூமையும் உயரத்தில் வைத்து, மைக் ப்ரீ-ஆம்ப் வழியாகப் போகாமல் லைன் இன்புட்டில் எடுங்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு பழக்கம் உதவும். பேட்சை வைத்து, கோரஸ் ஓடும் நிலையில், எதையும் வாசிக்காமல் சில விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு டீநாய்ஸ் பிளக்இன் தேவைப்பட்டால் அது கற்றுக்கொள்ள இந்தத் துண்டு வேண்டும், அதே இரைச்சலைப் பின்னால் எங்கிருந்தும் எடுக்க முடியாது. இரண்டாவது, சந்தேகமாக இருந்தால் கோரஸ் இல்லாமல் ஒரு டேக் எடுத்து வையுங்கள். மென்பொருள் கோரஸ் அந்தச் சிப்பைப் போல ஒலிக்காதுதான், ஆனால் மிக்ஸில் பின்னணியில் நிற்கும் பாகத்துக்கு அது போதும்.

மிக்ஸில் கேட் (ஒலி அடங்கியதும் டிராக்கை மூடிவிடும் பிளக்இன்) போடுவதை நான் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. ஸ்வரம் ஒலிக்கும்போது அது இரைச்சலை மறைத்துவிடுகிறது. ஸ்வரம் நின்றதும் கேட் டப்பென்று மூடினால், இல்லாத ஒன்றைக் காது கவனிக்கத் தொடங்கும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உஸ்ஸ் வந்து போவதுதான் தொடர்ந்து இருப்பதைவிட எரிச்சல். பாகம் முடியும் இடத்தில் கையால் ஃபேட் வரைவது நேரம் பிடிக்கும், ஆனால் காதுக்குத் தெரியாது. சிந்த் வாசிக்காத பார்களில் கிளிப்பை வெட்டி எடுத்துவிடுங்கள், முன் சொன்ன 8 டிராக் கூட்டல் அங்கேயே உடைந்துவிடும். ஹம்முக்கு 50, 100, 150 ஹெர்ட்ஸில் அந்த இடத்தை மட்டும் வெட்டும் குறுகிய நாட்ச் ஃபில்டர் போடலாம். ஆனால் பாட்டின் பேஸ் ஜி-யில் நின்றால் அதன் அடித்தளத்தையே சேர்த்து அறுப்பீர்கள்.

டீநாய்ஸ் பிளக்இன் கடைசிப் புகல். ஜூனோ பேடின் மேல்பகுதியில் மினுங்குவதும் கோரஸின் உஸ்ஸும் ஒரே அதிர்வெண்களில் இருக்கின்றன. அதிகமாகத் துடைத்தால் நீருக்கடியில் கேட்பது போன்ற ஒரு குழைவு வந்துவிடும், பிறகு அந்தக் கருவியைத் தேடி வாங்கியதில் அர்த்தமில்லை. 4, 5 டெசிபல் குறைத்து நிறுத்திக்கொள்வதே நல்லது.

இவ்வளவும் ஆரோக்கியமான கருவிக்கு. ஜூனோ-106-இல் உண்மையான பழுதும் சத்தமாகத்தான் வெளிப்படும். ஒவ்வொரு குரலின் ஃபில்டரும் வி.சி.ஏ.வும் 80017ஏ என்ற, பிசின் பூசிய ஒரே கட்டையில் இருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக அந்தப் பிசினால் கட்டை கெட்டு, படபடவென்ற வெடிப்பும், விரலெடுத்த பிறகும் அடங்காத ஸ்வரமும் வரும். கோரஸின் உஸ்ஸ் சீராக, எந்தக் கீயை அழுத்தினாலும் ஒரே மாதிரி இருக்கும். கட்டை கெட்டால், 6 கீ அழுத்தினால் ஒன்றில் மட்டும் வெடிக்கும். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் டெஸ்ட் மோடு வரும். அதில் ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்ற எண் டிஸ்ப்ளேயில் தெரியும். வெடிக்கும் குரலின் எண்ணைக் குறித்துக்கொண்டு டெக்னீஷியனிடம் போங்கள். அந்த ஒரு கட்டையின் பிசினைக் கரைத்துச் சரிசெய்வார், அல்லது இப்போது புதிதாகச் செய்து விற்கும் மாற்றுக் கட்டையைப் போடுவார்.